தேசியக் குழந்தைகள் செயல்திட்டத்தை மதிப்பிட முடியுமா? கடலூர்–புதுச்சேரி எல்லையிலிருந்து ஓர் ஒப்பீடு

கடந்த மாதம் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் ஒன்பது பேர் கூடினோம். கடலூர்ப் பக்கம் ஐந்து பேர், புதுச்சேரிப் பக்கம் நான்கு பேர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், அங்கன்வாடி மேற்பார்வையாளராக இருந்த அக்கா ஒருவர், இரண்டு வழக்கறிஞர்கள், மீனவ கிராமங்களில் மாலை வகுப்பு நடத்தும் நான்கு இளைஞர்கள், புள்ளிவிவரங்களோடு ஆயுளில் பாதியைக் கழித்த நான். பேச்சு சுற்றிச் சுற்றி ஒரு கேள்வியில் வந்து நின்றது. 2016ஆம் ஆண்டின் தேசியக் குழந்தைகள் செயல்திட்டம் நம் பகுதிக் குழந்தைகளுக்கு என்ன செய்தது என்று ஓர் அறிக்கை எழுதலாமா?

எட்டுப் பேர் எழுதலாம் என்றார்கள். எழுத முடியுமா என்று முதலில் பார்ப்போம் என்றேன் நான். “எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுகிறீர்களே, சார்” என்று தலைமையாசிரியை கடிந்துகொண்டார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் எங்கள் முன்னால் இருந்தது ஒரே வழி அல்ல, நான்கு. அவற்றை அருகருகே வைத்துப் பார்க்க அன்று நேரம் போதவில்லை. இங்கே பார்க்கிறேன்.

முதலில் சொல்லை விளக்கிவிடுகிறேன். ஒரு திட்டத்தை மதிப்பிடுவது ஒரு வேலை. அந்தத் திட்டம் நம்பகமாக மதிப்பிடக்கூடிய நிலையில் இருக்கிறதா என்று சோதிப்பது அதற்கு முந்தைய, தனி வேலை. இதை மதிப்பீட்டுத் தகுதி ஆய்வு என்று சொல்லலாம். 1970களில் அமெரிக்காவில் ஜோசப் ஹோலி என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை ஒரு முறையாக வகுத்தார்கள். அரசுத் திட்டங்களை மதிப்பிடப் போனவர்கள் திரும்பத் திரும்ப ஒரே சுவரில் முட்டிக்கொண்டதுதான் காரணம். திட்டத்தின் நோக்கம் எது என்பதில் அதிகாரிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இருக்காது. வேண்டிய கணக்கு இருக்காது. அறிக்கை தயாரானாலும் அதைப் படித்து முடிவெடுக்க ஆள் இருக்காது. ஆகவே இன்றும் இந்த ஆய்வு மூன்று கேள்விகளைத்தான் கேட்கிறது: காகிதத்தில் திட்டம் தெளிவாக இருக்கிறதா, களத்தில் தரவு கிடைக்குமா, முடிவை யாராவது பயன்படுத்துவார்களா? மூட்டையை ஏற்றுவதற்கு முன் தராசு முள் நடுவில் நிற்கிறதா என்று வியாபாரி ஒரு பார்வை பார்ப்பாரே, அது போன்ற வேலை.

செயல்திட்டத்தின் பெயரில் 2016 இருந்தாலும் அது வெளியானது 2017 ஜனவரி 24 அன்று. 2013ஆம் ஆண்டின் தேசியக் குழந்தைகள் கொள்கையைச் செயலுக்குக் கொண்டுவருவது அதன் வேலை. அதற்கும் பின்னால் 1992 டிசம்பரில் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை இருக்கிறது. உயிர்வாழ்வும் உடல்நலமும் ஊட்டச்சத்தும், கல்வியும் வளர்ச்சியும், பாதுகாப்பு, பங்கேற்பு என்று நான்கு முன்னுரிமைகள். கடைசிக் குழந்தைக்கு முதலிடம் என்பது அதன் முழக்கம்.

நேரே மதிப்பீட்டில் இறங்குவது

எட்டுப் பேரும் கேட்டது இதைத்தான். இதன் கவர்ச்சி எனக்கும் புரிகிறது. திட்டம் வந்து ஆண்டுகள் பல ஓடிவிட்டன, இன்னும் எத்தனை நாள் தராசையே பார்த்துக்கொண்டிருப்பது? தவிர, “குறைந்தது”, “கூடியது” என்று முடியும் அறிக்கைக்குத்தான் பத்திரிகையில் இடம் கிடைக்கும். “மதிப்பிடத் தகுதி குறைவு” என்ற தலைப்பை எந்த ஆசிரியர் போடுவார்?

இந்த வழி நடக்கக்கூடிய திட்டங்களும் உண்டு. 2005ஆம் ஆண்டின் முந்தைய செயல்திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வயதுக்குள் நேரும் குழந்தை இறப்பின் விகிதத்தை 2010க்குள் ஆயிரம் பிறப்புக்கு 30க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள். எண் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, அளக்க மாதிரிப் பதிவுத் திட்டம் என்ற நிலையான கணக்கெடுப்பும் இருக்கிறது. 2010இல் நாட்டின் விகிதம் 47. இலக்கு தவறியது என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். 2020இல் தேசிய விகிதம் 28 ஆனது, தமிழ்நாட்டில் 13. தோற்ற இலக்காக இருந்தாலும் அது மதிப்பிடத்தக்க இலக்கு. அதை எழுதியவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு.

அதே எளிமையோடு இன்றைய திட்டத்தின் குழந்தைத் திருமணப் பகுதிக்கு வாருங்கள். எல்லோரும் எடுத்துக்காட்டும் குறியீடு, 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18 வயதுக்கு முன் மணமானவர்கள் எத்தனை சதவீதம் என்பது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2015-16இல் நாடு முழுவதும் 26.8 சதவீதம், 2019-21இல் 23.3. குறைந்துவிட்டதே என்று கை தட்டத் தோன்றும். ஆனால் தமிழ்நாட்டில் இரண்டாவது கணக்கெடுப்பின் முதல் பகுதி நடந்தது 2020இன் தொடக்க மாதங்களில். அப்போது 24 வயதான பெண் 18 வயதைத் தொட்டது 2013, 2014 வாக்கில். 22 வயதானவர் தொட்டது 2015, 2016இல். அந்த வயதுக் கூட்டத்தில் பெரும்பாலோர் செயல்திட்டம் அச்சாவதற்கு முன்பே 18 வயதைக் கடந்துவிட்டவர்கள். திட்டம் பிறப்பதற்கு முன் நடந்த, அல்லது நடக்காமல் போன திருமணங்களைத் திட்டத்தின் கணக்கில் எழுதுவது எப்படிச் சரியாகும்? பிள்ளையார் சுழி போடும் முன்பே கடிதத்துக்குப் பதில் வந்துவிட்டது என்பது போல.

இன்னொரு சிக்கல், பலனுக்குச் சொந்தக்காரர் யார் என்பது. கடலூர் மாவட்டத் தொடக்கப் பள்ளிகளில் வருகை உயர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 1982 முதல் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவு இருக்கிறது. 2022இல் தொடங்கி 2023இல் விரிவான காலை உணவுத் திட்டம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 முதல் இருக்கிறது. இவற்றில் எது டெல்லியின் செயல்திட்டத்தால் வந்தது, எது அது இல்லாவிட்டாலும் வந்திருக்கும்? செயல்திட்டம் நடப்பதோ பல அமைச்சகங்களின் திட்டங்கள் வழியாக. மத்திய பட்ஜெட்டின் 12ஆம் அறிக்கை குழந்தைகளுக்கான ஒதுக்கீட்டைத் தொகுத்துக் காட்டுகிறது என்றாலும் அது துறை வாரியான பட்டியல். நான்கு முன்னுரிமைகளில் எதற்கு எவ்வளவு என்று அதை வைத்துப் பிரிக்கப் பார்த்தால் கையில் ஊகம்தான் மிஞ்சும்.

ஆகவே முதல் வழியில் எழுதப்படும் அறிக்கை வாசிக்க நன்றாக இருக்கும். குறுக்குக் கேள்வி கேட்கத் தெரிந்த ஒரே ஓர் அதிகாரியின் முன் நிற்காது.

மேசையில் உட்கார்ந்து ஆராய்வது

இரண்டாவது வழி, ஆவணங்களை மட்டும் வைத்துத் தகுதி ஆய்வு செய்வது. இரண்டு பேர், ஆறு வாரம், செலவு என்று பார்த்தால் நகல் எடுக்கும் காசும் தேநீரும். தலைமையாசிரியையின் பொறுமைக்கும் இதுதான் குறைந்த சோதனை.

இது கண்டுபிடிக்கக்கூடிய விஷயங்கள் சாதாரணமானவை அல்ல. உதாரணத்துக்கு வயது. செயல்திட்டத்துக்கு 18 வயதுக்குட்பட்டவர் எல்லோரும் குழந்தை. கல்வி உரிமைச் சட்டத்துக்கு 6 முதல் 14 வரை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது 14 வயது வரை வேலைக்குத் தடை என்றது, 14 முதல் 18 வரை ஆபத்தான வேலைகளுக்கு மட்டும் தடை என்றது, பள்ளி நேரம் போக ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்றும் ஒரு கதவைத் திறந்து வைத்தது. பண்ருட்டிப் பக்கம் வீட்டுத் திண்ணையில் அம்மாவோடு உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைக்கும் 12 வயதுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் விரல் தோல் வெந்துபோகும். அவள் உழைக்கிறாளா, உதவுகிறாளா? எந்தச் சட்டத்தின் கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறோமோ அதைப் பொறுத்து அவள் கணக்கில் தோன்றுவாள், மறைவாள். செயல்திட்டத்தின் குறியீடு எந்தக் கண்ணாடியைப் போட்டிருக்கிறது என்று வரிக்கு வரி பார்க்க மேசை போதும்.

மக்கள்தொகையும் அப்படித்தான். கடைசிக் கணக்கெடுப்பு நடந்தது 2011இல். அடுத்ததற்குக் குறிக்கப்பட்ட நாள் 2027 மார்ச் 1. 2011இல் பிறந்த குழந்தை இன்று பள்ளி முடிக்கும் வயதை நெருங்கிவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் நம் மாவட்டத்தில் எத்தனை குழந்தைகள் என்பதே முன்கணிப்பு. சதவீதத்தில் மேல் எண்ணை எவ்வளவு பாடுபட்டுச் சேகரித்தாலும், வகுக்கும் எண் பழையது.

மேசையின் குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. ‘தரவு கிடைக்கும்’ என்று ஆவணம் சொன்னால் மேசை அதை நம்பும். அங்கன்வாடி அக்கா இதைக் கேட்டுச் சிரித்தார். “எடை பார்த்த பிள்ளைகளின் கணக்கு செயலியில் இருக்கும், சார். வராத பிள்ளைகளை எந்தச் செயலியில் தேடுவீர்கள்?”

எல்லையின் இரண்டு பக்கமும் போய்ப் பார்ப்பது

மூன்றாவது வழி, அதே தகுதி ஆய்வைக் களத்தில் செய்வது. கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரி மாவட்டத்திலும் சில ஊர்களைத் தேர்ந்து, பதிவேடு எங்கே பிறக்கிறது, யார் எழுதுகிறார், எங்கே அனுப்புகிறார், எங்கே நின்றுபோகிறது என்று தடம் பிடித்துப் போவது. நான் சாய்வது இந்தப் பக்கம். காரணம் எங்கள் ஊரின் அமைப்பு.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் வரைபடம் விளங்காது. கடலூரிலிருந்து வடக்கே பஸ் ஏறினால் முள்ளோடையில் புதுச்சேரி வந்துவிடும். பாகூர்ப் பக்கம் உள்வழியாக நடந்தால் தமிழ்நாட்டு வயலுக்கும் புதுச்சேரி வயலுக்கும் நடுவே ஒரு வரப்புதான். ஒரே பேச்சு, ஒரே கோயில் திருவிழா, மாமன் மச்சான் உறவு. ஆனால் பதிவேடுகள் இரண்டு அரசுகளுடையவை. தேசியத் திட்டத்தின் தையல் எங்கே பிரிகிறது என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

பிறப்பிலிருந்தே தொடங்குங்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பும் இறப்பும் நிகழ்ந்த இடத்தில் பதிவாக வேண்டும். பிரசவம் சிக்கலானால் கடலூர், விழுப்புரம் பக்கத்துக் குடும்பங்கள் புதுச்சேரியின் ஜிப்மர் மருத்துவமனைக்கு ஓடுவது எங்களுக்குப் புதிதல்ல. அங்கே பிறந்த குழந்தை புதுச்சேரிப் பதிவேட்டில் ஏறுகிறது, வளர்வது குறிஞ்சிப்பாடியில். அதே போல, குறை மாதத்தில் பிறந்த சிசு அங்கே இறந்தால் அந்த இறப்பும் புதுச்சேரியின் கணக்கு. ஒரு பக்கம் பிறப்புகள் மிகையாகவும் மறுபக்கம் இறப்புகள் குறைவாகவும் தெரிய இதுவே போதும். மாதிரிப் பதிவுத் திட்டம் வசிக்கும் இடத்தை வைத்துக் கணக்கிடுகிறது என்பது ஆறுதல். ஆனால் அது மாவட்ட அளவுக்கு எண் தருவதில்லை. புதுச்சேரி போன்ற சிறிய பகுதிகளுக்கு மூன்று ஆண்டுகளைச் சேர்த்துத்தான் குழந்தை இறப்பு விகிதம் தருகிறார்கள்.

திருமணத்துக்கு வருவோம். அக்கா சொன்ன சம்பவம் இது. பெண் வீடு கடலூர்ப் பக்கம், மாப்பிள்ளை வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், தாலி கட்டியது ஒரு சிறு கோயிலில். பெண்ணுக்கு 16 வயது. தகவல் போனபோது இந்தப் பக்கம் “கல்யாணம் அங்கே நடந்தது” என்றார்கள், அந்தப் பக்கம் “பெண் அங்கே உள்ளவள்” என்றார்கள். “கடைசியில் இரண்டு பக்கமும் எழுதவில்லை, சார். எழுதாத கல்யாணம் நடக்காத கல்யாணம்தானே?” 2006ஆம் ஆண்டுத் தடைச் சட்டப்படி தடுப்பு அலுவலர்களை அந்தந்த அரசு நியமிக்கிறது. இரண்டு அலுவலர்களின் பதிவேடுகளையும் ஒரு மேசையில் வைத்துப் பார்க்கும் ஏற்பாடு இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. இதை டெல்லியில் அச்சான ஆவணத்தில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

பாதுகாப்புப் பகுதியில் எண்ணைப் படிப்பதே தகராறு. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் கீழ் வழக்குகள் கூடினால் குற்றம் கூடியதா, சொல்லும் துணிவு கூடியதா? நல்ல திட்டம் என்றால் முதல் சில ஆண்டுகளில் பதிவுகள் ஏறத்தான் வேண்டும் என்பது என் வாதம். திட்டத்தை எழுதுகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், இத்தனை ஆண்டு ஏறும், பிறகு இறங்கும் என்று. சொல்லாவிட்டால் எந்த எண் வந்தாலும் வெற்றி என்றும் பேசலாம், தோல்வி என்றும் பேசலாம். குழந்தைகளுக்கான 1098 உதவி எண் 2023இல் தொண்டு நிறுவனத்தின் கையிலிருந்து அரசுகளின் கைக்கு மாறியது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள அழைப்புக் கணக்குகளை ஒரே கோட்டில் வரைவதற்கு முன் இரண்டும் ஒரே விதமாக எண்ணப்பட்டவையா என்று பார்த்தாக வேண்டும். எல்லையோரத்துச் செல்பேசி எந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடிக்கிறது, அழைப்பு எந்த அரசின் கணக்கில் விழுகிறது என்பதும் நேரில் போய்த்தான் தெரியும்.

நான்காவது முன்னுரிமையான பங்கேற்பை மேசை ஆய்வாளர்கள் இரண்டு பத்தியில் கடந்துவிடுவார்கள். எனக்கு அதுதான் முதன்மையான சோதனை. குழந்தைகள் தங்கள் கருத்தை ஊர் அமைப்புகளில் சொல்ல வேண்டும் என்றால் ஊர் அமைப்பு முதலில் உயிரோடு இருக்க வேண்டும். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006இல். 2011இல் பதவிக்காலம் முடிந்தது. அதன் பிறகு கொம்யூன் பஞ்சாயத்துகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யாரும் உட்காரவில்லை. பாகூர்ச் சிறுமி தன் பள்ளிக் கழிப்பறையைப் பற்றி யாரிடம் பேசுவாள்? கடலூர்ப் பக்கம் ரொம்பவும் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் வந்தார்கள். ‘குழந்தைகள் கலந்துகொண்ட கிராம சபைக் கூட்டங்களின் எண்ணிக்கை’ என்று யாராவது ஒரு குறியீடு வைத்தால், இந்த இரண்டு இடங்களிலும் அந்த எண்ணுக்கு என்ன பொருள்?

இவ்வளவு சொன்ன பிறகு களத்தின் ஆபத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. குழந்தைகளிடம் பேசப் போகிறோம். பேச்சின் நடுவே ஒரு சிறுமி தனக்கு நடந்த கொடுமையைச் சொல்லிவிட்டால், போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமை நமக்கு வந்துவிடுகிறது. தெரிவிக்காதது தண்டனைக்குரியது. ரகசியம் காப்போம் என்று வாக்குக் கொடுத்து நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்த இளைஞன் அந்த நிமிடம் என்ன செய்வான்? அவனுக்கு முன்பே பயிற்சி வேண்டும், எல்லையின் இந்தப் பக்கமானால் யாரை, அந்தப் பக்கமானால் யாரை அழைப்பது என்ற எண்கள் கையில் வேண்டும், அந்தக் குழந்தைக்கு ஆலோசகர் தயாராக இருக்க வேண்டும். இது முடியாது என்றால் குழந்தைகளைப் பேட்டி காணவே கூடாது. பதிவேடுகளோடும் பெரியவர்களோடும் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

மக்களின் சலிப்பும் உண்டு. சுனாமிக்குப் பிறகு எங்கள் கடலோர ஊர்களில் படிவத்தோடு வராதவர் இல்லை. 2011இல் தானே புயல், 2015இல் வெள்ளம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கெடுப்பு. “எழுதிக்கொண்டு போனவர் யாரும் திரும்பி வந்து என்ன எழுதினோம் என்று சொன்னதில்லை” என்று தேவனாம்பட்டினத்தில் ஒரு பெரியம்மா என்னிடம் சொல்லியிருக்கிறார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த திட்டம் வரட்டும் என்று காத்திருப்பது

நான்காவது வழியை வழக்கறிஞர்களில் ஒருவர் முன்வைத்தார். பழையதைக் கிளறுவதைவிட, அடுத்த செயல்திட்டம் எழுதப்படும்போது எண், ஆண்டு, தொடக்க நிலைக் கணக்கு, பொறுப்பாளர் எல்லாம் அதில் இருக்கும்படி அழுத்தம் கொடுக்கலாம் என்றார். கொள்கையளவில் மறுக்க முடியாத பேச்சு. 2013ஆம் ஆண்டுக் கொள்கையே ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தன்னை மறுபரிசீலனை செய்ய வேண்டும், குழந்தைகளையும் கலந்துகொள்ள வேண்டும் என்று சொல்கிறது. மாநிலம், மாவட்டம் வரை இதே போன்ற திட்டங்கள் வகுக்கப்படும் என்றும் சொல்கிறது. ஆனால் கையில் எதுவும் இல்லாமல் போய் “அளக்கத்தக்கதாக எழுதுங்கள்” என்றால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். இந்தப் பிறப்பு இரண்டு பதிவேட்டுக்கும் நடுவே விழுந்தது, இந்தத் திருமணம் எழுதப்படவில்லை என்று காட்டினால் பேச்சு வேறு மாதிரி போகும். ஆகவே நான்காவது வழி எனக்குத் தனி வழியாகத் தோன்றவில்லை, மூன்றாவதின் மறுமுனையாகத் தோன்றுகிறது.

நான் கேட்டுக்கொள்வது

மூன்றாவது வழி, ஆனால் குறுக்கப்பட்ட வடிவில். நான்கு முன்னுரிமைகளையும் தொட ஒன்பது பேருக்குத் திராணி இல்லை. கல்வியை விட்டுவிடலாம். பள்ளிக் கணக்கு மற்றவற்றை நோக்கச் சீராக இருக்கிறது, போதாக்குறைக்குப் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறியிருப்பதால் இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவதும் இப்போது தெளிவாக இருக்காது. பிறப்பு, குழந்தைத் திருமணம், உள்ளாட்சியில் குழந்தைகளின் குரல் ஆகிய மூன்றை மட்டும் எடுப்போம். மேசை வேலையை முதல் மூன்று வாரத்தில் முடித்துவிட்டு எல்லையின் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு ஊர்கள். முதல் சுற்றில் குழந்தைகளைப் பேட்டி காண்பதில்லை. முடிவில் ‘ஆம், இல்லை’ என்று ஒரே தீர்ப்பு வழங்காமல், இந்தக் குறியீட்டை இன்றே மதிப்பிடலாம், இதற்கு முதலில் இந்தப் பதிவேட்டைச் சரிசெய்ய வேண்டும், இதை இப்படியே வைத்து மதிப்பிடவே முடியாது என்று பிரித்து எழுதுவோம்.

தலைமையாசிரியைக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். “கடைசியில் நீங்களும் ஓர் அறிக்கைதான் எழுதப் போகிறீர்கள்” என்றார். ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்: போகும் ஊர்கள் நான்கிலும், எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் திரும்பப் போய் வாசித்துக் காட்ட வேண்டும். அதற்கும் சேர்த்து நாள் குறிக்கச் சொல்லியிருக்கிறேன். பாகூர்ப் பக்கம் எந்த இடத்தில் கூட்டம் போட்டு வாசிப்பது என்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. பஞ்சாயத்து அலுவலகத்தில் கேட்டால் யார் பெயருக்கு மனு எழுதுவது என்று தெரியவில்லை.